தாணுமாலயனின் மடக்குக் குதிரைகள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரும்பில் செய்த மடக்குக் குதிரை விற்பனைக்கு வந்திருக்கிறதாம். மஞ்சள் பெயிண்ட் அடித்தது. விரித்தால் தானே நின்றுகொள்ளுமாம், மடக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுமாம். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, அதை வாங்கலாமா, மரத்திலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு இப்படி ஒரு மதிப்பு. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதிவிடுகிறேன். எனக்கு வாய் வலித்தது என்று என் வீட்டில் சொல்லிவிடாதீர்கள், நம்பமாட்டார்கள்.

தச்சு வேலையில் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குதிரை என்பது நாலு கால் வைத்த மரத்தாங்கல். இரண்டு குதிரைகளை எதிரெதிரே நிறுத்தி, அவற்றின் முதுகில் பலகையைப் போட்டு, நின்றபடி அறுப்போம், இழைப்போம். மடக்குக் குதிரைக்கு மேலே கீல் இருக்கும். ஏணியைப் போல விரித்து நிறுத்தலாம், வேலை முடிந்ததும் மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். விரித்த கால்கள் மேலும் அகன்று போகாமல் இருக்க, கீழே இரண்டு பக்கத்துக் கால்களையும் எதையாவது கொண்டு இணைத்துக் கட்டியிருப்பார்கள். அந்த ‘எதையாவது’ பற்றித்தான் இந்தக் கதை பாதியும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தேன். தம்பானூரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், திருநெல்வேலிக்காரர் ஒருவர் மரப்பட்டறை வைத்திருந்தார். கதவு, ஜன்னல், அலமாரி, எது கேட்டாலும் செய்து கொடுப்போம். முதல் வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசை காய்ச்சினேன், உளி தீட்டினேன், திட்டு வாங்கினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான், பசை காயும் நேரத்தில், கடையிலிருந்து சாமான் கட்டி வந்த பத்திரிகைத் துண்டுகளை வைத்து.

பட்டறைக்கு மேஸ்திரி ஆறுமுகம். குள்ளமான மனிதர். சத்தம் போடமாட்டார். பிடிக்காத வேலையைப் பார்த்தால் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். மென்று முடிக்கும்வரை ஒன்றும் பேசமாட்டார். அதற்குள் செய்தவனுக்கே தன் பிழை என்னவென்று தெரிந்துவிடும். பட்டறைக்கு ஏணி, முக்காலி, சாரப்பலகை என்று எது வந்தாலும் முதலில் அவர் ஏறி அமர வேண்டும். அது அங்கே வழக்கம். ஓரத்தில் உட்காருவார், நடுவில் உட்காருவார், அப்புறம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உட்காருவார். “மனுசன் நேரா நின்னா வேலை செய்யான்? சாஞ்சுல்லா செய்யான்” என்பார். சாய்ந்தால் தாங்குகிறதா என்பதுதான் அவர் பார்ப்பது.

எங்களுடன் சுசீந்திரத்துக்காரன் தாணுமாலயன் இருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன். ரம்பம் பிடித்தால் நூல் போட்ட மாதிரி போகும். ஒரு வீட்டில் உத்திரம் ஏற்றும்போது மேலிருந்து விழுந்து வலது முழங்கால் உடைந்தது. வைத்தியர்கள் எப்படியோ எலும்பைச் சேர்த்துவிட்டார்கள், ஆனால் கால் மடங்கவில்லை. நடப்பான், ஏறுவான், நாள் முழுக்க நிற்பான். தரையில் குந்தத்தான் முடியாது.

அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோருமே தரையில் குந்தியிருந்து வேலை செய்தவர்கள். மரத்தைக் கால்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைகளால் செதுக்குவோம். கால்தான் எங்களுக்குப் பிடிகருவி. நின்றுகொண்டு வேலை செய்பவனைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். தாணு திரும்பி வந்து பட்டறையின் ஒரே பெஞ்சில் நின்றபடி இழைக்க ஆரம்பித்ததும் ‘ஓவர்சியர்’ என்று பேர் வைத்தோம். ஓவர்சியர்தானே உட்காராமல் நின்று வேடிக்கை பார்ப்பவர். அவனும் கோபிக்கவில்லை. “ஓவர்சியருக்கு டீ எங்கடா” என்று அதட்டிக் கேட்டு வாங்கிக் குடிப்பான்.

பெஞ்சு இருந்தவரை பிரச்சினை இல்லை. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் பெருகவும், முதலாளி பட்டறையின் முன்பாதியை ஒரு லாட்ஜுக்காரருக்கு வாடகைக்கு விட்டார். பெஞ்சு கிடந்த இடம் போயிற்று. இனி மரத்தை வேலை நடக்கும் வீட்டுக்கே கொண்டுபோய் அங்கேயே அறுத்துப் பொருத்த வேண்டும் என்றார். எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை, எந்த முற்றத்திலும் குந்திவிடுவோம். தாணுவுக்கு அப்படி இல்லை. எடுத்துப்போக ஒரு நல்ல மடக்குக் குதிரை ஜோடி கிடைத்தால் அவனுக்கு வேலை உண்டு. இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். முதலாளி அதை மறைக்காமலே சொன்னார். கெட்டவர் இல்லை. நிற்கத் தெரிந்தவனுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும், அது என்னிடம் இல்லை என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

முதல் ஜோடியைக் கடையில் வாங்கினோம். தேக்கு, பளபளவென்று வார்னிஷ், பித்தளைக் கீல். மேஸ்திரி உட்கார்ந்து பார்த்தார், தாங்கியது. ஆனால் அவர் உட்கார்ந்தது பட்டறையின் மண் தரையில். கோட்டைக்குள் ஓர் அக்ரகார வீட்டில் ஊஞ்சல் பலகை மாற்றப் போனோம். அங்கே கூடத்தில் முகம் தெரிகிற மாதிரி மெழுகித் தேய்த்த சிவப்புத் தரை. தாணு பலகையை ஏற்றி ரம்பத்தை வைத்ததும் முன்குதிரையின் கால்கள் வழுக்கிக்கொண்டு போய், குதிரை மெதுவாகத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. அந்த வீட்டு மாமி சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏண்டாப்பா, உங்க குதிரை நமஸ்காரம் பண்றதே, நான் என்னன்னு ஆசீர்வாதம் பண்றது?” என்றாள். நாங்கள் சிரித்தோம். தாணுவும் சிரித்தான். ஆனால் குனிந்து அதை எடுக்க அவனால் முடியவில்லை, நான்தான் எடுத்தேன். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சிரிப்புக் கதையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

சேதி முதலாளி காதுக்குப் போயிற்று. பொன்முடி மலைத் தேயிலை எஸ்டேட்டில் ஒரு வேலை ஒத்துக்கொண்டிருந்தார், அது முடிந்ததும் தாணுவுக்குக் கணக்குத் தீர்த்துவிடலாம் என்றார். மேஸ்திரி வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, அந்த வேலைக்குத் தாணுவையும் கூட்டிப்போகிறேன், குதிரையை நானே செய்கிறேன், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார். முதலாளி சரி என்றார்.

மேஸ்திரி அந்தக் குதிரைகளைச் செய்த விதத்தை எழுதினால்தான், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் கிடைக்கும். தாணுவை நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கையைத் தொங்கவிடச் சொன்னார். அவன் மணிக்கட்டுக்குக் கீழே, மடக்கிய விரல்முட்டி நிற்கும் இடத்தில், ஒரு குச்சியை வைத்து அளந்தார். அதுதான் உயரம் என்றார். அதைவிடக் கூடினால் தோள் போகும், குறைந்தால் இடுப்பு போகும். கால்களுக்கு அயினி மரம், தேக்கைவிட அடி தாங்கும் என்று. முதுகுக்கு மட்டும் மாமரம். ரம்பம் தவறி இறங்கினால் முதுகுதான் வெட்டுப்பட வேண்டும், ரம்பத்தின் பல் போகக்கூடாது. அதனால் முதுகில் ஆணியே அடிக்கவில்லை, மரமுளை. கால்களின் அடியை நேராக வெட்டாமல், விரித்து நிற்கும் சாய்வுக்குத் தகுந்தபடி வெட்டி, மாட்டுத்தோல் ஒட்டினார். அது அந்த மாமி வீட்டுத் தரைக்கு. கீலைப் பொருத்தியதும் ஒரு பக்கத்துக் காலை மட்டும் பிடித்துத் தூக்கி ஆட்டினார். கீல் இடைவெளி விட்டு வாயைத் திறக்கவில்லை.

கால்களை இணைக்கச் சணல் கயிறு கட்டினார். சங்கிலி போடலாமே என்று நான் சொன்னேன். சங்கிலி சலசலக்கும், ரம்பப் பல்லில் படும், கயிறு போதும் என்றார். சரியான இடத்தில் முடிச்சுப் போட்டு, உட்கார்ந்து, சாய்ந்து, காலைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. தாணு அந்தக் குதிரையின் முதுகைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான், மாட்டைத் தடவுவதைப் போல.

வித்துரா வரைக்கும் பஸ். அங்கிருந்து எஸ்டேட் லாரி, வளைவு வளைவாக ஏற்றம். குதிரைகள் மடங்கி, மரச் சட்டங்களோடு சட்டமாகப் படுத்துக்கொண்டன. எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே, ஒரு சின்ன டிஸ்பென்சரி. மழையில் அதன் கதவு உளுத்துப்போயிருந்தது. இரட்டைக் கதவும் நிலையும் புதிதாகப் போட வேண்டும். அதற்காகவே கணுவில்லாத நீளப் பலாப் பலகைகளைப் பட்டறையில் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோயிருந்தோம்.

முதல் நாள் தாணு வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். குந்தியிருந்த எங்கள் தலைகளுக்கு மேலே அவன் ரம்பம் ஒரே சீராகப் போய் வந்தது. மேஸ்திரி அவனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி பனியும் தூறலும். குதிரைகள் டிஸ்பென்சரித் திண்ணைக்கு வெளியே விரித்தபடியே நனைந்துகொண்டு நின்றன. காலையில் தாணு பலகையை ஏற்றிவிட்டு, கையை வைத்துப் பார்த்து, “மேஸ்திரி, குதிரை வளந்திருக்கு” என்றான். நாங்கள் சிரித்தோம். மேஸ்திரி சிரிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். கால்கள் நெருங்கி நின்றன, குதிரை ஒடுங்கி உயர்ந்திருந்தது, தொட்டால் ஆடியது. கயிற்றைச் சுண்டிப் பார்த்தார், வில்நாண் மாதிரி விறைத்திருந்தது. முடிச்சை அவிழ்த்து, கால்களைப் பழைய அகலத்துக்கு இழுத்துவைத்து, மறுபடி கட்டினார். கீழே சமவெளியிலிருந்து வந்த தச்சன் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். கயிறு ஏன் சுருங்கியது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மத்தியானம் பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு குதிரை வெயிலில், மற்றது டிஸ்பென்சரியின் நிழலில். தாணு கதவின் நீளப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தான். வெயிலில் நின்ற குதிரையின் கயிறு காய்ந்து நீண்டு, கால்கள் விரிந்துகொண்டே போயிருக்கின்றன. தணிந்த பக்கமாகப் பலகை சாய்ந்தது. சாய்ந்த பாரத்தில் கீலின் திருகாணிகள் பிடுங்கிக்கொண்டன. பலகை போய்த் திண்ணையின் கல் விளிம்பில் விழுந்தது. தாணுவால் தாவ முடியாது. ரம்பத்தைத் தூரப் போட்டுவிட்டு அப்படியே மல்லாக்கச் சாய்ந்தான், நான் பின்னால் இருந்ததால் என் மேல் விழுந்தான். பலகை தலைப்பிலிருந்து பாதிவரை பிளந்திருந்தது.

தேயிலைக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, திருநெல்வேலி பக்கத்திலிருந்து மலைக்கு வந்த குடும்பம் போலிருக்கிறது, கேட்டாள். “இங்க சணக்கயித்தை நம்பினீகளா? எங்க லயத்துக் கொடிக்கயிறு காலையில விறைச்சுக்கிட்டு நிக்கும். வெயிலு வந்தா துணியெல்லாம் தரையில கெடக்கும்.” சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மேஸ்திரி கயிற்றைக் கையில் எடுத்து, காய்ந்த முனையை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார். வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை.

எஸ்டேட் கணக்கப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, “காலு வய்யாத்த ஆளைக் கொண்டுவந்தா இதுதான் வரும்” என்று பாதி மலையாளத்தில் சொன்னார். கால் முடியாதவனை என்கிறார். அந்த வார்த்தைதான் முதலில் மலையிறங்கி முதலாளியிடம் போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தெரியும். தாணுவுக்கும் தெரியும். அவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பிளந்த பலகையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஜன்னலுக்காவது ஆகுமா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் நான் லாரியில் வித்துராவுக்குப் போய்ச் சந்தையில் கன்றுக்குட்டி கட்டும் சங்கிலி வாங்கி வந்தேன். குதிரைக்கு மாட்டுச் சங்கிலியா என்று கடைக்காரர் கேலி செய்தார். கீலுக்குத் திருகாணியை எடுத்துவிட்டு மறுபக்கம்வரை போகும் போல்ட்டு போட்டோம். சங்கிலி சலசலக்காமலிருக்கத் தாணு தன் பழைய வேட்டியைக் கிழித்து அதன்மேல் சுற்றினான். அதற்குப் பிறகு அந்தக் குதிரைகள் பனிக்கும் அசையவில்லை, வெயிலுக்கும் அசையவில்லை. பிளந்த பலகைக்குப் பதிலாக இரண்டு சட்டங்களை ஒட்டிச் சேர்த்துக் கதவை முடித்தோம். உற்றுப் பார்த்தால் ஒட்டு தெரியும்.

தம்பானூருக்குத் திரும்பிய அன்றே முதலாளி பட்டறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டிலிருந்து பேச்சு வந்துவிட்டது. தாணுவைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்து, குதிரை விழுந்ததாமே, அவனால் சமாளிக்க முடியவில்லையாமே என்றார்.

“குதிரை விழல. கயித்தை அவுத்துக் கட்டினது நான். தப்பாக் கட்டினேன்” என்றார் மேஸ்திரி.

“அவனக் காப்பாத்துததுக்குச் சொல்லுதீரா?”

“நான் யாரையும் காப்பாத்தல முதலாளி. கட்டினது என் கை. குதிரை இங்கதான் நிக்கு, நீங்களே ஏறி உக்காந்து பாருங்க.”

முதலாளி எழுந்து போய் உட்கார்ந்தார். கனத்த சரீரம். மேஸ்திரி செய்வதைப் போலவே சாய்ந்தும் பார்த்தார். சங்கிலியின்மேல் சுற்றியிருந்த வேட்டிக்கிழிசலைக் காலால் தொட்டுப் பார்த்தார். இறங்கி, தாணு இருக்கட்டும் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, “அப்போ பலகை போனதுக்கு நான் யாரைக் கேக்க?” என்றார்.

“என்னையக் கேளுங்க.”

கேட்டுவிட்டார். வெளிவேலைகளுக்கு வேறொரு மேஸ்திரி வந்தார், எங்களைவிட இளையவர். ஆறுமுகம் மேஸ்திரி பட்டறையின் மிச்சப் பாதியில், சுவரோரம் குந்தியிருந்து, நாற்காலிக் கால் செதுக்குகிற வேலையில் உட்கார வைக்கப்பட்டார். நாங்கள் மட்டும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டோம், புதியவர் முகம் சுளித்தாலும். தாணு அந்தக் குதிரைகளைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போனான். அந்த மாமி வீட்டுக்கும் மறுபடி போனான். குதிரை வழுக்கவில்லை. இன்றைக்கு நமஸ்காரம் இல்லையா என்று அவள் கேட்டாளாம்.

வருஷங்கள் ஓடின, உழைப்பில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத வருஷங்கள். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்து எங்கள் தெற்குத் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்தபோது, பலர் ஊருக்கே போய்விடலாம் என்று நினைத்தார்கள். தாணுவின் தம்பி நாகர்கோவிலில் சின்னதாகப் பட்டறை போட்டு அவனைக் கூப்பிட்டான். போகத் தீர்மானித்தான். அந்தச் சமயத்தில் மேஸ்திரியின் முழங்கால்கள் போய்விட்டிருந்தன. ஆயுள் முழுக்கக் குந்தியிருந்த கால்கள். உட்கார்ந்தால் இரண்டு பேர் பிடித்து எழுப்ப வேண்டும். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்ல ஒரு நாள் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புறப்படுகிற அன்று காலையில் தாணு குதிரைகளோடு பட்டறைக்கு வந்தான். பஸ்ஸில் ஏற்றத்தான் கொண்டுவந்தான் என்று நினைத்தேன். சுவரோரம் போய், “மேஸ்திரி, எந்திச்சு நில்லும்” என்றான். நானும் இன்னொருவரும் பிடித்து எழுப்பினோம். “கையத் தொங்கவிடும்” என்றான். அவர் அவனைப் பார்த்தார். என்னவென்று புரிந்துவிட்டது.

“வேண்டாம்டே. நீ என்ன செய்வே?”

“ஊர்ல அயினி கெடக்கு. நான் செஞ்சுக்கிடுவேன். கையத் தொங்கவிடும்.”

மேஸ்திரி கையைத் தொங்கவிட்டார். குள்ளமான மனிதர் என்று சொன்னேனே. தாணு அவர் விரல்முட்டிக்கு ஒரு குச்சியை வைத்து அளந்து, எட்டுக் கால்களிலும் பென்சிலால் கோடு போட்டு, தோலைப் பிய்த்து எடுத்துவிட்டு, அங்கேயே நின்றபடி அறுத்தான். நல்ல உயரமுள்ள இரண்டு குதிரைகள் எங்கள் கண்முன்னால் குட்டையாயின. அறுத்த துண்டுகள் தரையில் உருண்டன. சாய்வு பார்த்து அடியைச் சரிசெய்து, தோலை மறுபடி ஒட்டி, சங்கிலியையும் சுருக்கினான். பிறகு மேஸ்திரியை அதன் முன்னால் நிறுத்தினான்.

“இனி நீருதான் ஓவர்சியர்” என்றான்.

மாமரத்து முதுகில் பழைய ரம்பத்தழும்புகள் இருந்தன, அவற்றை மேஸ்திரி தடவிக்கொண்டிருந்தார். நான் தாணுவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போனேன். பஸ்ஸில் அவன் காலை நீட்ட ஓர சீட்டு வேண்டும் என்று கண்டக்டரிடம் சண்டை போட்டேன். வேறு பேச்சு ஞாபகமில்லை.

மேஸ்திரி அந்தக் குதிரைகளில் நின்று இன்னும் சில வருஷம் வேலை செய்தார். அவருக்குப் பிறகு அவை என்னிடம் வந்தன. நான் அவரைவிட உயரம். வேலையை விடும்வரை அவற்றின் மேல் குனிந்தே அறுத்தேன். என் இடுப்பு வலிக்கு டாக்டர் ஏதேதோ பேர் சொல்கிறார், எனக்குக் காரணம் தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரும்போ மரமோ, எதையும் வாங்குங்கள். வாங்கும் முன் கையைத் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். கீலைத் தூக்கி ஆட்டுங்கள். நனைந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் நனைத்துப் பாருங்கள். வீட்டு வேலைக்கும் இதுதான், பட்டறைக்கும் இதுதான்.

என் குதிரைகளைப் பார்க்கிறவர்கள், காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறார்கள். வைத்திருக்கலாம். அரைநாள் வேலைகூட இல்லை.